எரிவதைப் பிடுங்குங்கள்

கேமிங் லேப்டாப் வைத்திருக்கும் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



கோடை தொடங்கியதும் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் ஒரே புலம்பல்தான். கேம் திறந்த சற்று நேரத்தில் ஃபேன் இரைகிறது, கீபோர்டில் விரல் வைக்க முடியவில்லை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் திடீரென்று திக்கித் திக்கி நகர்கிறது. என்ன வாங்கினால் இது சரியாகும்? கூலிங் பேடா, விலை உயர்ந்த தெர்மல் பேஸ்டா, இதைவிடப் பெரிய லேப்டாப்பா? எதையாவது வாங்கித்தான் தீர வேண்டும் என்று நினைப்பதிலேயே பிழை தொடங்குகிறது என்பது என் கருத்து. எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். லேப்டாப்பில் எரிவது மின்சாரம். அதை அப்படியே எரியவிட்டு வெளியிலிருந்து விசிறுவதில் பலன் கொஞ்சம்தான். அதைச் சற்றே குறைத்தால் சூடு நன்றாக இறங்கும். ஆட்டத்தில் இழப்பதோ பெரும்பாலும் கண்ணில் படாத அளவு. இதற்குப் பைசா செலவில்லை. வீட்டில் தவணை கட்டி வாங்கித் தந்த பொருள் படிப்பு முடியும்வரையாவது நன்றாக உழைக்க வேண்டும். அதனால் காரண காரியத்தோடு விரிவாகவே எழுதுகிறேன்.

லேப்டாப்புக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. திரையின் வெளிச்சமாகவும் ஸ்பீக்கரின் ஒலியாகவும் போவது மிகச் சொற்பம். ஆகவே எத்தனை வாட் உள்ளே போகிறதோ அத்தனை வாட் வெப்பத்தையும் அது வெளியேற்றியாக வேண்டும். இன்டெலின் ஐ7-12700ஹெச் பிராசஸருக்கு அடிப்படை அளவு 45 வாட். டர்போவில் 115 வாட் வரை இழுக்கலாம் என்று இன்டெலே குறிப்பிடுகிறது. ஐ9-13980ஹெச்எக்ஸ் 157 வாட் வரை போகும். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 ஜிபியூவை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் அமைத்துக்கொள்ள லேப்டாப் கம்பெனிகளுக்கு என்விடியா இடம் கொடுத்திருக்கிறது. ஒரே பெயருள்ள ஜிபியூ ஒரு லேப்டாப்பில் அமைதியாகவும் இன்னொன்றில் அனலாகவும் இருப்பது இதனால்தான். பிராசஸரும் ஜிபியூவும் சேர்ந்து உழைக்கும்போது 150 வாட், சில மாடல்களில் அதற்கு மேலும் போகும். மேஜைக் கணினியில் இந்த வெப்பத்தை எடுக்க உயரமான உலோகத் தகட்டு அடுக்கும் அகலமான ஃபேன்களும் உண்டு. லேப்டாப்பில் கிடைப்பது இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம். அதற்குள் தட்டையாக அழுத்திய செப்புக் குழாய்கள் இருக்கின்றன. குழாய்க்குள் இருக்கும் மிகச் சிறிதளவு நீர் சில்லின் மேல் ஆவியாகி, ஓரத்துத் தகடுகளருகே குளிர்ந்து, திரும்ப வருகிறது. வியக்கத்தக்க வேலைப்பாடுதான். ஆனால் பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் பிராசஸரும் ஜிபியூவும் இந்தக் குழாய்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்றின் சூடு மற்றதையும் தாக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

நம் ஊருக்கென்று இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. குளிர்ந்த அறைகளில் செய்யப்படும் லேப்டாப் விமர்சனங்களில் அது தெரியாது. காற்றால் குளிரும் எந்தக் கருவியிலும், சுற்றியுள்ள காற்றைவிட அது எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்பதுதான் கணக்கு. வாட்டும் ஃபேன் வேகமும் மாறாமல் இருந்தால் அந்த வித்தியாசமும் ஏறக்குறைய மாறாது. 23 டிகிரி ஏசி அறையில் சோதித்து, பிராசஸர் 85 டிகிரி என்று ஒருவர் காட்டுகிறார் என்று வையுங்கள். காற்றைவிட 62 டிகிரி கூடுதல் என்பது அதன் பொருள். அதே லேப்டாப்பை மே மாதப் பிற்பகலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், 36 டிகிரி காற்றில் வைத்தால் அது 98 ஆகிவிடும். இன்டெல் லேப்டாப் பிராசஸர்கள் பலவற்றுக்கும் உச்ச வரம்பு 100 டிகிரிதான். அதைத் தொட்டதும் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். திக்கித் திக்கி நகர்வது அதன் விளைவு. சென்னையில் மே மாதத்தில் 37, 38 டிகிரி என்பது சாதாரணம். 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. பல கம்பெனிகள் தங்கள் லேப்டாப் இயங்குவதற்கு ஏற்ற சூழல் 35 டிகிரி வரை என்றே விவரக்குறிப்பில் அச்சிடுகின்றன. கத்திரி வெயில் காலத்தில் நம் அறைகள் பலவும் அந்த எல்லையைத் தாண்டிவிடுகின்றன. சீலிங் ஃபேன் இதற்குப் பெரிதாக உதவாது. அது நம் உடம்புக்குக் குளிர்ச்சி தருவது வியர்வை ஆவியாவதால். அறைக் காற்றின் வெப்பநிலையை அது குறைப்பதில்லை.

வாட்டைக் குறைத்தால் என்ன ஆகும்? சில்லு இழுக்கும் மின்திறன் அதன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், அதற்குக் கொடுக்கப்படும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். மின்னணுவியல் படிப்பவர்களுக்கு இது பாடத்திலேயே வந்திருக்கும். வேகம் கூட வேண்டுமானால் வோல்டேஜும் கூட வேண்டும் என்பதால் உச்சத்தை நெருங்கும்போது ஏறும் ஒவ்வொரு படிக்கும் விலை அதிகம். மாறாக, வேகத்தையும் வோல்டேஜையும் பத்துப் பத்து சதவீதம் குறைத்தால் மின்திறன் 0.9 × 0.9 × 0.9 என்று ஆகி, சுமார் 73 சதவீதத்துக்கு இறங்கும். வேகத்தில் பத்து சதவீதம் போகும்போது வெப்பத்தில் இருபத்தேழு சதவீதம் போய்விடுகிறது. இதை மேலே சொன்ன 36 டிகிரி அறைக்குப் பொருத்திப் பாருங்கள். 62 டிகிரி வித்தியாசம் 45 ஆகும். 98-ல் நின்ற பிராசஸர் 81-க்கு வரும். இது எளிமைப்படுத்திய கணக்குதான். நடப்பில் ஃபேன் வேகம் மாறும், சில்லில் கசியும் மின்னோட்டமும் உண்டு. ஆனால் அந்தக் கசிவு சூடு குறையக் குறையத் தானும் குறைவது என்பதால் அதுவும் நம் பக்கமே நிற்கிறது.

என் சொந்தச் சித்தாந்தம் ஏதும் இதில் இல்லை. லேப்டாப் ஜிபியூக்களைச் செய்பவர்களே கண்டு கடைப்பிடித்த வழி இது. 2017-ல் தைவானின் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் என்விடியா மேக்ஸ்-க்யூ என்ற வடிவமைப்பை அறிமுகப்படுத்தியது. அதுவரை சுமார் 150 வாட்டில் ஓடிய லேப்டாப் ஜிடிஎக்ஸ் 1080-ஐ, அதே சில்லை வைத்துக்கொண்டு, 90 முதல் 110 வாட்டுக்குள் ஓட்டுவதே அதன் சாரம். உச்ச வேகத்தைத் துரத்தாமல், ஒவ்வொரு வாட்டுக்கும் அதிக வேலை கிடைக்கும் இடத்தில் சில்லை நிறுத்தினார்கள். மெல்லிய கேமிங் லேப்டாப் என்ற ஒரு வகையே அதன் பிறகுதான் பரவலானது. பெரிய கம்பெனி தன் பொறியாளர்களை வைத்துச் செய்ததை, உங்கள் அறையின் வெயிலுக்கு ஏற்றபடி நீங்களும் செய்துகொள்ளலாம்.

முதலில் தொட வேண்டியது ஃபிரேம் எண்ணிக்கை. உங்கள் திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடியில் 144 முறைதான் அது படத்தைப் புதுப்பிக்கும். அதே நொடியில் ஜிபியூ 230 ஃபிரேம் வரைந்தால் மிச்சமுள்ள எண்பத்தாறும் முழுமையாகத் திரைக்கு வருவதே இல்லை. அவற்றை வரைந்த வெப்பம் மட்டும் மேஜையில் மிஞ்சும். இன்னும் மோசமானது மெனு திரை. அங்கே வரைய அதிகமில்லை என்பதால், வரம்பு வைக்காவிட்டால் ஜிபியூ நொடிக்கு நூற்றுக்கணக்கில் ஃபிரேம் தள்ளிக்கொண்டிருக்கும். 2010-ல் ஸ்டார்கிராஃப்ட் 2 வெளியானபோது, அதிகம் அசையாத திரைகளில்தான் சில கணினிகள் அளவுக்கு மீறிச் சூடாயின. ஆட்டத்தின்போது 60, மற்றத் திரைகளில் 30 என்று ஃபிரேம் வரம்பு வைக்கும்படி அந்த ஆட்டத்தை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனமே வழிகாட்டியது. 2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்ட் ஆட்டத்தின் சோதனை ஓட்டத்தில் விலை உயர்ந்த ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில செத்துப்போயின. அவற்றைத் தயாரித்த நிறுவனம் அந்தக் கார்டுகளின் சாலிடரிங்கில் குறை இருந்ததைப் பின்னர் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அமேசான் உடனே செய்தது மெனு திரைக்கு ஃபிரேம் வரம்பு வைத்ததுதான். என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் என்ற வசதி 2020 தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. கதையோடு போகும் ஆட்டங்களுக்கு 60 அல்லது 75, மற்றவற்றுக்குத் திரையின் ஹெர்ட்ஸ் அளவு என்று அதில் வைத்துவிடுங்கள். பத்தில் ஏழு பேருக்கு இது ஒன்றே போதும் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் எண்ணிக்கை சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பதில் மட்டும் ஐயமில்லை.

அடுத்தது பிராசஸர். பல ஆட்டங்களில் வேலை ஜிபியூவுக்குத்தான் அதிகம். ஆனால் பிராசஸர் அதைப் பொருட்படுத்தாமல் டர்போவில் எகிறி நிற்கும். குழாய்கள் பொது என்று சொன்னேனே, பிராசஸரின் வாட்டைக் குறைத்தால் அந்த இடம் ஜிபியூவுக்குக் கிடைக்கிறது. பல கம்பெனிகள் தங்கள் மென்பொருளிலேயே, ஆசுஸ் என்றால் ஆர்மரி கிரேட், லெனோவோ என்றால் வான்டேஜ் என்பதுபோல, கஸ்டம் அல்லது பேலன்ஸ்டு மோடு வைத்திருக்கின்றன. அதில் பிராசஸரை 45 வாட் அளவுக்கு இறக்கிப் பாருங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட் என்பதை 100-லிருந்து 99 ஆக்குவது ஒரு வழி. பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ அதோடு நின்றுவிடும். இதைத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். 12700ஹெச் போன்ற சில்லில் டர்போ 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், அடிப்படை வேகமோ 2.3 மட்டுமே. பிராசஸரை நம்பியிருக்கும் ஆட்டங்களில் இந்தச் சரிவு நன்றாகவே தெரியும். வெயில் உச்சத்தில் இருக்கும் நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம், நிரந்தரமாக வேண்டாம். வோல்டேஜை மட்டும் குறைக்கும் அண்டர்வோல்ட் முறைதான் இவை எல்லாவற்றிலும் நேர்த்தியானது. ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின், இன்டெல் பிராசஸர் உள்ள பல லேப்டாப்களில் பயாஸ் அப்டேட் வழியாக அந்தக் கதவை மூடிவிட்டார்கள். அண்டர்வோல்ட் செய்ய உதவும் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளில் அந்தப் பகுதி மங்கலாகத் தெரிந்தால் காரணம் அநேகமாக இதுதான். குறுக்கு வழியில் திறக்கப் போக வேண்டாம். ஜிபியூவுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளின் வோல்டேஜ் வளைவு இன்றும் உதவும். படிப்படியாகக் குறையுங்கள். ஆட்டம் கிராஷ் ஆனால் ஒரு படி மேலே வாருங்கள். லேப்டாப்புக்கு அதனால் சேதமில்லை.

முழு வேகத்துக்குத்தானே காசு கொடுத்தோம், அதை ஏன் நாங்களாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கோபம், ஆனால் 36 டிகிரி அறையில் அந்த முழு வேகம் உங்களுக்கு எப்படியும் கிடைக்கப் போவதில்லை. தொடக்கத்தில் கொஞ்ச நேரம் கிடைக்கும். பிறகு வரம்பைத் தொட்டதும் பிராசஸரே அதைப் பிடுங்கிக்கொள்ளும், அதுவும் சீராக இல்லாமல் ஏற்றியும் இறக்கியும். நொடிக்கு 110-க்கும் 60-க்கும் இடையில் தாவும் ஆட்டத்தைவிட, மாறாமல் 80-ல் நிற்கும் ஆட்டம் கண்ணுக்கும் கைக்கும் இதமாக இருக்கும். எப்படியும் குறையப் போகிற வேகத்தை எங்கே, எவ்வளவு குறைப்பது என்று நீங்களே தீர்மானியுங்கள் என்கிறேன்.

வாலரன்ட் போன்ற போட்டி ஆட்டங்களை ஆடுபவர்களின் மறுப்பு இதைவிட வலுவானது. திரை 144 ஹெர்ட்ஸ் ஆனாலும் 250 ஃபிரேம் ஓடினால் மவுஸ் அசைவுக்கும் திரை மாற்றத்துக்கும் இடையிலான தாமதம் குறையும் என்பார்கள். அது உண்மை, ஒவ்வொரு முறை திரை புதுப்பிக்கும்போதும் கிடைப்பது அவ்வளவு புதிய படம். போட்டி ஆட்டத்தில் அந்தச் சில மில்லிசெகண்டுகளுக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜிபியூ முழுச் சுமையில் மூச்சுத் திணறும்போது ஃபிரேம்கள் வரிசையில் காத்திருப்பதால் தாமதம் கூடவும் செய்யும். அதைத் தவிர்க்கத்தான் 2020-ல் என்விடியா ரிஃப்ளெக்ஸ் வந்தது; வாலரன்டிலும் அது இருக்கிறது. ரிஃப்ளெக்ஸை இயக்கி, சுற்று முடியும்வரை தாக்குப்பிடிக்கும் ஓர் எண்ணில் வரம்பை வையுங்கள். ரேங்க் ஆட்டத்துக்கு ஓர் அமைப்பு, மற்ற நேரத்துக்கு ஓர் அமைப்பு என்று இரண்டு வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. லாபியில் காத்திருக்கும்போதும் 250 ஃபிரேம் ஓட்டுவதற்குத்தான் எந்த நியாயமும் கிடையாது.

நூறு டிகிரி வரை கம்பெனியே அனுமதிக்கும்போது 95-ஐப் பார்த்து ஏன் பதற வேண்டும் என்பதும் அடிக்கடி வரும் வாதம். சில்லைப் பொறுத்தவரை அது சரி. 95 டிகிரியில் பிராசஸர் எரிந்துவிடாது, அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் லேப்டாப் என்பது சில்லு மட்டும் இல்லையே. சூடாகிக் குளிர்ந்து மீண்டும் சூடாகும் ஒவ்வொரு சுற்றிலும் உலோகமும் சாலிடரும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. சில்லுக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் மெல்ல ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. 2008 ஜூலையில் என்விடியா, லேப்டாப் ஜிபியூக்களில் பயன்படுத்திய பலவீனமான பொருட்களால் வரும் பழுதுகளுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. தினமும் ஏறி இறங்கும் வெப்பம் அந்த ஜிபியூக்களின் இணைப்புகளைச் சோர்வடையச் செய்தது. இன்றைய பொருட்கள் அதைவிடத் தேறியவை. ஆனால் விரிந்து சுருங்கும் விதி மாறிவிடவில்லை. பேட்டரியும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. லித்தியம் அயான் பேட்டரிக்குச் சூடும் முழு சார்ஜும் சேர்ந்து வந்தால் ஆயுள் வேகமாகக் குறையும். எப்போதும் சார்ஜரில் செருகியே ஆடுபவர்கள் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைக் கம்பெனி மென்பொருளில் தேடி இயக்குங்கள்.

கூலிங் பேடும் பேஸ்டும் வீண் என்று நான் சொல்லவில்லை; அவற்றின் முறை பின்னால் வரட்டும் என்கிறேன். லேப்டாப்பின் பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்தி வைத்தாலே அடியில் உள்ள துளைகளுக்குக் காற்று தாராளமாகக் கிடைக்கும், அதற்கு இரண்டு பழைய புத்தகங்கள் போதும். மெத்தையிலோ தலையணையிலோ வைத்து ஆடினால் அந்தத் துளைகள் அடைபடும். பஞ்சும் உள்ளே போகும். நம் தெருப் புழுதி ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் கம்பளம்போலப் படிந்துவிட்டால் எந்த அமைப்பும் கைகொடுக்காது. ஆண்டுக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்தாக வேண்டும். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வாரண்டி இருக்கும்வரை திறப்பதற்கு முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். முடிந்தபின் சென்னை ரிச்சி தெருக் கடைகளில் காட்டினாலும் சரி, என்ன பேஸ்ட் போடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திரவ உலோகம் மட்டும் வேண்டாம். அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும், சிந்தினால் மதர்போர்டு போய்விடும். ஐஸ் பையையோ ஈரத் துணியையோ அடியில் வைப்பது அதைவிட ஆபத்து. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் குளிர்ந்த பரப்பின் மேல் நீர் முத்துக்கட்டும். அது எங்கே வழியும் என்பது நம் கையில் இல்லை.

அமைப்புகளால் தீராத நிலையும் உண்டு, அதை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றும் ஓடாமல் டெஸ்க்டாப் மட்டும் திறந்திருக்கும்போதே 90 டிகிரி காட்டினால், ஒரு ஃபேன் சுழலாவிட்டால், நேற்றுவரை சரியாக இருந்தது இன்று ஆட்டம் தொடங்கியதும் அணைந்தால் அது பழுது, சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். டச்பேட் மேலெழும்பியோ அடித்தகடு உப்பியோ தெரிந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அன்றே பயன்படுத்துவதை நிறுத்துங்கள், சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள். செமஸ்டர் முடியட்டும் என்று தள்ளிப்போடும் விஷயமல்ல அது.

உங்களிடம் கடைசியாக ஒரு கோரிக்கை உண்டு. லேப்டாப் வாங்கப்போகும் ஜூனியர்கள் உங்களைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் சொல்லும் எண்ணை நம்பித்தான் அவர்கள் வீட்டில் பணம் புரட்டுகிறார்கள். என்னுடையது 80 டிகிரிதான் வருகிறது என்று சொன்னால் அதில் பாதிச் செய்திதான் இருக்கிறது. அறையில் அப்போது எத்தனை டிகிரி, பிராசஸரும் ஜிபியூவும் எத்தனை வாட் இழுத்தன, ஃபிரேம் வரம்பு என்ன என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏசி அறைகளில் எடுத்த எண்கள் வேண்டிய அளவு இருக்கின்றன. திருச்சியிலும் வேலூரிலும் மதுரையிலும் மே மாத மதியத்தில் எடுத்த எண்கள்தான் நம்மிடம் இல்லை. இந்தக் கோடையில் அவற்றை எழுதி வைக்கத் தொடங்குங்கள்.